கடலில்லாத சீமையில் கரையோரச் சவாரி: அமராவதி முதல் ஆழியாறு வரை சைக்கிளில் ஐந்து நாள்

கிளம்பும் முன்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் ஆனைமலையின் வடக்கு அடிவாரத்தில் அமராவதி, திருமூர்த்தி, ஆழியாறு என்று மூன்று அணைகள் கிழக்கிலிருந்து மேற்காக வரிசை பிடித்து நிற்கின்றன. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் தென்னந்தோப்பு, நடுவில் நீர். மலை சைக்கிள் ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல கரை தமிழ்நாட்டின் உள்பகுதியில் அதிகமில்லை.

திசையைக் காற்றுதான் முடிவு செய்கிறது. பாலக்காட்டுக் கணவாய் ஒரு புனல் மாதிரி. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று அதன் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். மார்கழி, தை மாதங்களில் காற்று திரும்பி, கிழக்கிலிருந்து மேற்கே வீசும். ஆகவே தை மாதப் பயணத்தை உடுமலையில் தொடங்கி மேற்கே போக வேண்டும். ஆடியில் போகிறவர் இதே வழியைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் 50 கிலோமீட்டர் ஓட்டுவதும் முதுகுக் காற்றில் 50 ஓட்டுவதும் ஒரே வேலை என்று நினைத்துத் திட்டம் போட்டால், இரண்டாம் நாள் மதியமே கால் நின்றுவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மலைத்தொடரின் பெரும்பகுதி 2007-இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. காப்பகத்துக்குள் இருக்கும் காட்டுப் பாதைகளில் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இங்கே எழுதப்படும் வழி முழுக்கக் காட்டின் விளிம்பில் போகிறது: ஊர்ச்சாலை, இட்டேரி (தோட்ட வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்), கால்வாய்க் கரை, கடைசியில் வால்பாறை மலைச்சாலை. உள்ளே போக ஆசை இருந்தால் வனத்துறை நடத்தும் மலையேற்ற வழிகளில் ஆழியாறு கால்வாய்க் கரை நடையும் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, நடந்து போகலாம். சைக்கிள் அங்கே கூடாது.


முதல் நாள்: உடுமலை – அமராவதி அணை, சுமார் 25 கி.மீ.

தூரம் குறைவு. அதனால் காலைப் பொழுது முழுவதும் வண்டிக்குத்தான்.

இந்த வழிக்கு 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் 100 முதல் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். பின்புற சஸ்பென்ஷன் இங்கே வீண் எடை. 120 மில்லிமீட்டர் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) என்றால், உடையும் பையும் மாட்டிக்கொண்டு வண்டிமேல் நிற்கும்போது அதன் குழாயில் இருக்கும் ரப்பர் வளையம் 24 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அதைவிட அதிகம் இறங்கினால் காற்று ஏற்ற வேண்டும். குறைவாக இறங்கினால் விட வேண்டும்.

டயர்தான் இந்தப் பயணத்தின் உயிர். 2.25 அங்குல அகலம், டியூப்லெஸ், ஒவ்வொரு சக்கரத்திலும் 100 முதல் 120 மில்லி சீலண்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம். காற்றழுத்தம் 70 கிலோ எடை உள்ளவருக்கு முன்சக்கரம் 22–24 பி.எஸ்.ஐ., பின்சக்கரம் 25–27. டியூப் போட்ட டயர் என்றால் 30-க்குக் கீழே போகாதீர்கள். கல்லில் இடித்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும். சீலண்ட் ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தளும்பும் ஓசை கேட்க வேண்டும். உள்ளே ஏதோ உருண்டு தட்டினால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

ஏன் இத்தனை கவலை? கொங்குச் சீமையில் மண்ணைவிட முள் அதிகம். சீமைக் கருவேலம், வெள்வேல், கிளுவை, தரையில் நெருஞ்சி. நெருஞ்சி டயரை மேலாகத்தான் குத்தும், சீலண்ட் அடைத்துவிடும். சீமைக் கருவேல முள் அப்படியில்லை. நீளமானது, உள்ளே போனதும் வெளியே இருக்கும் பகுதி ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூப் மாற்றுகிறவர் இந்த நுனியை விட்டுவிட்டுப் புது டியூப் போடுவார். பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடியும் காற்று போகும். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவுவதைவிட ஒரு பருத்தித் துணியால் சுற்றித் தடவுங்கள். நுனி எங்கே இருக்கிறதோ அங்கே நூல் சிக்கி இழுக்கும். அந்த இடத்தில் டயரை வெளிப்புறமாக மடக்கினால் கருப்பு ரப்பருக்குள் ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். சின்ன மூக்குக் குறடால் உள்ளிருந்தே இழுக்க வேண்டும். டியூப்லெஸ் என்றால் முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை தரைப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, அரை நிமிடம் சும்மா நிற்க வேண்டும். சீலண்ட் அங்கே வந்து தேங்கி அடைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பிளக் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி) செருகுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு டியூப், பிளக் செருகி, 60 மில்லி சீலண்ட் குப்பி, கைப்பம்பு, செயினுக்கு ஏற்ற இணைப்புக் கண்ணி இரண்டு, உங்கள் சட்டத்துக்கே பொருந்தும் கியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தில் தாங்கும் துண்டு) ஒன்று, ஒரு ஜோடி பிரேக் பேடு. வாயுக் குப்பியைவிடக் கைப்பம்பு நல்லது. கரியமில வாயு சில வகை சீலண்டை உடனே திரித்துவிடும். வழியில் இருக்கும் பஞ்சர் கடைகளில் 26 அங்குல டியூப் கிடைக்கும், அதுவும் மோட்டார் வால்வு. அவசரத்துக்கு 26 டியூபை இழுத்து 29 சக்கரத்தில் போட்டு ஓட்டலாம், ஊர் வந்து சேரும்வரை தாங்கும். ஆனால் உங்கள் ரிம்மின் துளை மெல்லிய வால்வுக்கானது என்றால் அது உள்ளேயே போகாது.

உடுமலையிலிருந்து மூணாறு சாலையில் தெற்கே போகிறோம். நல்ல தார்ச்சாலை, மெல்லிய ஏற்றம். ஒன்பதாறு சோதனைச் சாவடிக்கு முன்பே அணைக்குப் பிரிந்துவிட வேண்டும். சாவடிக்கு அப்பால் யானைகள் சாலையைக் கடக்கும் காடு. மெதுவாக ஏறும் சைக்கிளில் அங்கே போக வேண்டிய தேவை இல்லை.

அமராவதி அணை 1957-இல், காமராஜர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டது. கொள்மட்டம் 90 அடி. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் இதில் வந்து சேர்கின்றன. அணைமேட்டில் ஏறி நின்றால் நீரின் அந்தக் கரையில் மலை நேராக எழுகிறது. மாலை நான்கு மணிக்குமேல் மலையின் நிழல் நீரில் பாதியை மூடிவிடும். பார்க்க வேண்டிய நேரம் அதற்கு முன்.

நீர் விளிம்புக்கு இறங்காதீர்கள். தென்னிந்தியாவில் சதுப்பு நில முதலைகள் இயற்கையாக இனம் பெருக்கும் பெரிய இடம் இந்த நீர்த்தேக்கமும் இதில் சேரும் ஆறுகளும். அணைக்கருகே உள்ள முதலைப் பண்ணையில் கம்பிக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பவற்றைப் பார்த்துவிட்டு, கம்பியே இல்லாத கரையில் சைக்கிள் டயரைக் கழுவ உட்காருவது மடத்தனம்.


இரண்டாம் நாள்: அமராவதி – திருமூர்த்திமலை, சுமார் 30 கி.மீ.

காலை ஏழு மணிக்குமேல்தான் கிளம்ப வேண்டும். அடிவாரத் தோட்டங்களில் இரவு மேய்ந்த யானை காட்டுக்குத் திரும்பும் நேரம் விடியல். 2019-இல் சின்னத்தம்பி யானை உடுமலை, மடத்துக்குளம் வட்டாரக் கரும்புக்காடுகளில் நாள்கணக்காக நின்றதை இந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. சாலையில் லத்தி (யானைச் சாணம்) கிடந்தால் இறங்கிப் பாருங்கள். மேற்புறம் உலர்ந்து வெடித்திருந்தால் பழையது. ஈரமாக, பச்சை வாசனையோடு, வண்டு இன்னும் மொய்க்காமல் இருந்தால் அங்கிருந்து திரும்பி, முந்தைய ஊர் டீக்கடையில் அரைமணி நேரம் உட்காருவதே சரி.

கல்லாபுரம் பக்கமாக வெளியேறி, தளி நோக்கி ஊர்ச்சாலைகளில் மேற்கே போகலாம். கைப்பேசி வரைபடம் காட்டும் மண்பாதைகளில் பாதி தனியார் தோட்டத்துக்குள் போய் முடியும். நிழலில் நிற்பவரிடம் கேட்பது மேல். கேட்கும் முறையும் முக்கியம். “இப்படிப் போலாங்களா?” என்று கேட்டால் “போலாங்க” என்றுதான் பதில் வரும், அவர் மனதில் இருப்பது நடை. “ஏனுங்ணா, இந்தத் தடம் தளி ரோட்டுல போய்ச் சேருதுங்களா, நடுவுல வாய்க்கா இருக்குதுங்களா?” என்று கேட்டால், “வாய்க்கா குறுக்க வருதுங்க, சைக்கிளத் தூக்கிட்டுத்தான் போகோணும் கண்ணு” என்று சரியான தகவல் கிடைக்கும்.

தளியை நெருங்கும்போது கால்வாய்கள் தொடங்கிவிடும். இங்கே பி.ஏ.பி. பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் கரைப்பாதை புரியும். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் மேற்கே பாயும் ஆறுகளின் நீரை மலைக்குள் தடுத்து, சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் கிழக்கே திருப்புகிறது. இந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்ட வி.கே.பழனிசாமிக் கவுண்டர், சி.சுப்பிரமணியம், பொள்ளாச்சி நா.மகாலிங்கம் மூவரையும் இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து மலையடிவாரத்தை ஒட்டியே 49 கிலோமீட்டர் வரும் காண்டூர் கால்வாய் திருமூர்த்தி அணையில் நீரைக் கொட்டுகிறது. அந்தக் கால்வாய்க் கரை காட்டுக்குள் போவது. சைக்கிளுக்கு மூடிய கதவு. திருமூர்த்தியிலிருந்து சமவெளிக்கு இறங்கும் கால்வாய்கள் வேறு. அவற்றின் கரைகளில் தோட்டத்துக்காரர்கள் டிராக்டர், மொபெட் ஓட்டுகிறார்கள். ஊர் வழக்கில் பொதுத்தடமாக இருக்கும் கரைகளில் மட்டும் போங்கள். கதவோ சங்கிலியோ இருந்தால் அதற்குமேல் வேண்டாம்.

பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. அதனால் ஒரு கால்வாய் இன்று நிரம்பி ஓடும், அடுத்தது எலும்பாய்க் கிடக்கும். நிரம்பி ஓடும் கால்வாய் அழகு. கரையோடு போகும்போது நீர் நமக்குச் சமமாக ஓடிவருகிறது, தென்னை நிழல் அதன்மேல் வெட்டி வெட்டி விழுகிறது. அதுவே ஆபத்தும். பக்கங்கள் சாய்வான கான்கிரீட், பாசி பிடித்தது. விழுந்தவர் பிடித்து ஏற ஒன்றுமில்லை, நீரோ இழுத்துக்கொண்டே போகும். ஆகவே நீர் ஓடும் கரையில் எப்போதும் வெளிப்புறத் தடத்தில் ஓட்டுங்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். எதிரே டிராக்டர் வந்தால் தோட்டப் பக்கம் இறங்கி நில்லுங்கள், கால்வாய்ப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

கரைமேல் இன்னொரு தொல்லை தென்னை. மட்டை குறுக்கே கிடந்தால் தெரியும், தாண்டிவிடலாம். பன்னாடை தெரியாது. காய்ந்த சல்லடை போல மண்ணின் நிறத்தில் கிடக்கும். பின்சக்கரம் அதைத் தூக்கிப் பின் கியர் மாற்றியின் சின்னச் சக்கரத்துக்குள் கொடுக்கும். பெடல் திடீரென்று கனத்தால் மிதித்து விடுவிக்கப் பார்க்கக் கூடாது. அந்த ஒரு மிதியில் ஹேங்கர் வளைந்து, கியர் மாற்றி சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். உடனே மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, செயினைப் பின்னோக்கிச் சுற்றி எடுக்க வேண்டும்.

திருமூர்த்தி அணை சிறியது, 60 அடி. மேலே அமணலிங்கேஸ்வரர் கோயில், அதற்கும் மேலே பஞ்சலிங்க அருவி. மலையில் மழை பெய்தால் அருவிக்கு அனுமதி இருக்காது. கோயிலைச் சுற்றியே வெள்ளம் பாய்ந்துவிடும். அணைக்கரையில் கிழக்கே பார்த்து அமர்ந்தால் காலை ஒளி நன்றாக இருக்கும். தங்குமிடத்தை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் உடுமலைக்கு 20 கிலோமீட்டர் திரும்ப வேண்டும்.


மூன்றாம் நாள்: திருமூர்த்தி – தேவனூர்புதூர் – ஆனைமலை – ஆழியாறு, சுமார் 45 கி.மீ.

முதுகுக் காற்று. இன்றைக்குச் சாலை சுலபம், அதனால் இட்டேரிகளுக்கு நேரம் ஒதுக்கலாம்.

இட்டேரி என்பது இரண்டு தோட்டங்களின் உயிர்வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம். இருபுறமும் கிளுவை, கள்ளி, வேம்பு, நடுநடுவே பிரண்டையும் கோவையும் படர்ந்து, மேலே கூரை மாதிரி கவிந்திருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுமை. கௌதாரி கூட்டமாகக் காலடியில் ஓடும். கொங்கு நாட்டின் சொந்த மலை சைக்கிள் தடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். இப்போது பல இட்டேரிகள் கான்கிரீட் சாலையாகவும் கம்பி வேலியாகவும் மாறிவருகின்றன. மீதியிருப்பதை ஓட்டிப் பார்த்தால்தான் என்ன போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

உள்ளே நுழைந்தால் நடுவில் மேடு, இருபுறமும் வண்டிச்சோடு, அதாவது வண்டிச் சக்கரம் பதித்த பள்ளம். சோட்டுக்குள் சக்கரத்தை விட்டால் வெளியே எடுக்கச் சிரமம்; பக்கவாட்டில் சாய்த்து ஏற முயன்றால் முன்சக்கரம் சறுக்கி விழுந்துவிடுவீர்கள். நடுமேட்டிலேயே ஓட்டுவது உத்தமம். மாற வேண்டியிருந்தால் வேகத்தைக் குறைத்து, முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, குறுக்காக வெட்டி மாறுங்கள். கைப்பிடி அகலம் 760 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கிளுவை முள் விரல் முட்டியைக் கீறும். முழுவிரல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இளைத்த கிளைகள் சரியாகக் கண் உயரத்தில்தான் தொங்குகின்றன.

வளைவுகளில் எதிரே மாடு வரும். மணி அடிக்காதீர்கள், மிரண்ட மாடு திரும்ப இடமில்லாமல் உங்கள் மேலேயே வரும். இறங்கி, வேலியோரம் சைக்கிளை அணைத்து நின்றால் அவை தாமே விலகிப் போகும். நாய் துரத்தினாலும் அதே வழிதான்: இறங்கி, நாய்க்கும் நமக்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு நடப்பது. படலைத் திறந்து போனால் திரும்ப மூடிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மேயும் ஆடுமாடு வெளியேறினால் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு நாள் வேலை கெடும். அடிவாரத் தோட்டங்களில் யானைக்காகப் போட்ட சோலார் வேலியும் உண்டு. கம்பி மெலிசாக, இடுப்பு உயரத்தில் போகும். அலுமினியக் கைப்பிடி அதில் பட்டால் நல்ல அடி வாங்குவீர்கள்.

மண் மாறுவதையும் கவனிக்க வேண்டும். செம்மண்ணில் மழை பெய்து ஒரு மணி நேரத்தில் ஓட்டலாம். கரிசலில் அது நடக்காது. கரிசலின் களிமண் நீரை உறிஞ்சி ஊதி, டயரைச் சுற்றி அடை அடையாக ஒட்டும். பத்து மீட்டருக்குள் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரமே நின்றுவிடும். அப்போது அழுத்தி மிதிப்பது தவறு. குச்சியால் வழித்துவிட்டு, தூக்கிக்கொண்டு புல்மேல் நடக்க வேண்டும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் அன்றைக்குக் கரிசல் இட்டேரிகளை விட்டுத் தார்ச்சாலையிலேயே போய்விடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு: ஒரு மணி நேரத்துக்கு 500 முதல் 750 மில்லி. பொள்ளாச்சிப் பக்கம் இளநீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீர் மட்டுமே குடித்து ஓட்டுபவருக்கு மதியத்துக்குமேல் தொடை பிடிப்பது வழக்கம். ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கரைத்தால் போதும். கம்மங்கூழும் மோரும் உப்பு மிளகாயும் அதே வேலையை இன்னும் ருசியாகச் செய்யும்.

ஆனைமலையில் மாசாணியம்மன் கோயிலுக்கு அமாவாசை, வெள்ளி நாள்களில் கூட்டம் நிறைய. அன்று ஊருக்குள் நுழைவதை மதியத்துக்குத் தள்ளிப்போடலாம். ஆற்றைத் தாண்டியதும் பழைய ஆயக்கட்டின் (பாசனப் பரப்பின்) நெல்வயல். அங்கிருந்து ஆழியாறு வரை தென்னைக்கு நடுவே சாலை. அணையருகே கடைகளில் மீன் வறுவல் சூடாகக் கிடைக்கும். நாளை ஏற்றம், அளவாகச் சாப்பிடுவது நல்லது.


நான்காம் நாள்: ஆழியாறு – வால்பாறை, சுமார் 40 கி.மீ., 40 கொண்டை ஊசி வளைவுகள்

அணை சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வால்பாறை சுமார் 1070-இல். நிகர ஏற்றம் 750 மீட்டர்தான். ஆனால் சாலை வால்பாறையைவிட உயரமாக ஏறிப் பிறகு இறங்குவதால், உண்மையில் ஏறுவது 1000-ஐத் தாண்டும். ஓய்வோடு சேர்த்து ஐந்தாறு மணி நேரம் வையுங்கள்.

காலை ஆழியாறு வனச் சோதனைச் சாவடி திறந்ததும் ஏற வேண்டும். அன்றைய விதி என்ன, சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதை முந்தைய மாலையே சாவடியில் நேரில் கேட்டுவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைப் பறித்துக்கொள்வார்கள். பிஸ்கட்டைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு போவது நல்லது.

கியரைப் பற்றி ஒரு கணக்கு. முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 50 என்றால், 29 அங்குலச் சக்கரம் ஒரு மிதிச்சுற்றுக்கு 1.46 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5.3 கிலோமீட்டர். கடையில் கிடைக்கும் சாதாரண மூன்று-ஏழு கியர் வண்டியில் மிக இலகுவான கியர் முன்னால் 24 பல், பின்னால் 28. சக்கரம் அதே அளவு என்றால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல். 100 மீட்டருக்கு 6 மீட்டர் எழும் ஏற்றத்தில், ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 95 கிலோ என்றால், முதல் வண்டிக்கு எடையைத் தூக்க மட்டும் 82 வாட் தேவை. இரண்டாவதற்கு 110. இந்த வித்தியாசத்தை அரைமணி நேரம் தாங்கலாம், ஐந்து மணி நேரம் தாங்க முடியாது. முழங்கால் வலியோடு பாதியில் நிற்பவர்களில் பலரும் வலுக் குறைந்தவர்கள் இல்லை, கியர் கனமானவர்கள்.

வளைவில் உள்வட்டம் தூரம் குறைவு என்று அதைப் பிடிக்கத் தோன்றும். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறுவதால் உள்வட்டம்தான் செங்குத்து. நடுத்தடத்தில் ஏறினால் மூச்சு மிஞ்சும். ஆனால் பேருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். கொண்டை ஊசியில் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும்.

ஒன்பதாவது வளைவில் நின்றே ஆக வேண்டும். சாலையை அமைத்த ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரால் லோம்ஸ் வியூ என்று அழைக்கிறார்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் ஒரே பார்வையில். நீர் நிறைந்த தை மாதத்தில் பச்சையும் நீலமும் கலந்து, மலையின் மடிப்புகளுக்குள் விரல்விரலாக நுழைந்திருக்கும். அதற்கு அப்பால் தென்னந்தோப்புகள் அடிவானம் வரை போய் மங்கலில் கரைகின்றன. கோடையில் வந்தால் அதே நீரைச் சுற்றி வெளிறிய மண்பட்டை வளையமாகத் தெரியும். அந்தப் பட்டை மேலிருந்து பார்க்கத் தட்டையான தரை மாதிரி இருக்கும், சைக்கிள் விட ஆசை வரும். கீழே போய்க் கால் வைத்தால் காய்ந்த ஓடு உடைந்து உள்ளே கூழ்.

பாறைகளில் வரையாடுகள் நிற்கும். சைக்கிள் ஓசையில்லாமல் வருவதால் மிக நெருங்கும்வரை அவை கவனிக்காது. பத்து மீட்டருக்கு முன்பே மெல்லப் பேசிக்கொண்டு வந்தால் மிரளாது. குரங்குகளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். கைப்பிடியில் தொங்கும் பையைத்தான் அவை முதலில் பிடுங்கும்.

அட்டகட்டிக்கு மேலே குளிர் ஏறும், கவர்க்கல் பக்கம் மூடுபனி. நனைந்த சட்டையோடு அங்கே நிற்காதீர்கள்; உலர்ந்த பனியன் ஒன்றும் காற்றுத் தடுக்கும் மேலாடை ஒன்றும் பையின் மேற்புறத்தில் இருக்கட்டும். பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள். புதுத்தோட்டம் தாண்டும்போது மேலே பாருங்கள்: சாலைக்குக் குறுக்கே மரத்துக்கு மரம் கட்டிய பாலங்கள், சோலைமந்திகள் கடப்பதற்கானவை.


ஐந்தாம் நாள்: வால்பாறை – ஆழியாறு – பொள்ளாச்சி, சுமார் 65 கி.மீ.

எஸ்டேட் மண்சாலைகள் ஓட்ட அருமையானவை, ஆனால் தனியார் இடம். எஸ்டேட் அலுவலகத்தில் கேட்டு, சரி என்றால் மட்டும். விடியலிலும் அந்தியிலும் வேண்டவே வேண்டாம். வால்பாறையில் சிறுத்தையும் யானையும் தேயிலைக்குள் இருப்பவை. சிவப்பு எச்சரிக்கை விளக்கு மின்னினால் அருகில் யானை இருக்கிறது என்று பொருள்.

இனி இறக்கம். 95 கிலோ 750 மீட்டர் இறங்கும்போது சுமார் 7 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். இரண்டு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் மீதி முழுவதும் உள்ளங்கை அகல இரும்புத் தட்டு இரண்டில் இறங்கும். எனவே பிரேக்கை லேசாக அழுத்தியபடியே நெடுக இறங்குவதுதான் மிகப் பெரிய தவறு. தட்டு ஆற நேரமே கிடைக்காது. நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு முன்பிரேக்குக்கு. உடம்பைப் பின்னால் தள்ளி, வெளிப்புறப் பெடல் கீழே, பார்வை வளைவின் முடிவில். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் என்றால் பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொடாமல், அருகே கை வைத்துப் பாருங்கள். ரிம் சூட்டில் டியூப் வெடிக்கும்.

கீச்சென்று ஓசை வந்து பிடிப்புக் குறைந்தால் பேடு கண்ணாடி போல மினுமினுத்துவிட்டது. மேற்பரப்பை உப்புக் காகிதத்தில் தேய்த்தால் சரியாகும். லீவர் கைப்பிடி வரை உள்ளே போனால் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. உடனே நின்று பதினைந்து நிமிடம் ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டு வளைந்துவிடும். தட்டின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆழியாறு சாவடிக்குக் கீழே நிழலில் நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றிப் பாருங்கள். பேடில் உராயும் பொருள் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் பையில் இருக்கும் புது ஜோடியை அங்கேயே மாட்டிவிடலாம். டயரிலிருந்து முள்ளை எல்லாம் பிடுங்குவதும் அப்போதுதான். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டையைக் கீழே திருப்பி, அரை நிமிடம். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் 30 மில்லி சீலண்ட் சேர்த்து, 25 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி, செயினில் படிந்த செம்மண் பசையை உலர் துணியால் துடைத்துவிட்டுப் பொள்ளாச்சிக்குக் கிளம்பலாம். ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் போட வேண்டும் என்றால் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, பின் கியர் மாற்றி மேற்பக்கம் வரும்படி சாய்த்துக் கட்டுங்கள்.